சாமான் பிறகு

“முதல்ல உயிர் அக்கா, சாமான் எல்லாம் பிறகு.” 2018ஆம் ஆண்டு மாரிக்கு முன்னர், கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வெள்ளம் வந்தால் முதலில் ஏற்றப்பட வேண்டியவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது நான் சொன்ன பதில் இது. இந்த வசனத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் அதில் பிழை சொல்ல முடியாது. அது எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்று நினைக்கும்போதுதான் மனம் அமைதி இழக்கிறது.

“ஏத்த வாற பொடியள், என்னத்தை எடுக்கவேணும் எண்டு என்னட்டைக் கேட்பினமோ தம்பி?” என்றுதான் அவர் கேட்டார். 2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர், தனியாக இருப்பவர். எங்கள் படிவத்தில் பெயர், வயது, பாதிப்பின் வகை, உதவுபவரின் பெயர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. மூன்றாவது கட்டத்தில் ‘ஒரு கால் இல்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டை நினைத்தபடி எழுந்துவிட்டேன். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம் எங்கள் சனத்துக்கு இன்னும் போகவில்லை. அவரும் அந்தப் பையைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 21 இரவு பெய்த மழையையும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும் இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பட்டியல் வேலை செய்தது. அதை நான் மறுக்கமாட்டேன். உழவு இயந்திரம் முதலில் போன வீடுகளில் அவருடைய வீடும் ஒன்று. இரண்டு பொடியள் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, கட்டிலில் இருந்தவரை அப்படியே தூக்கிவந்து உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்குள் இருத்தினார்கள். அவர் ஏதோ சொல்லிக் கத்தியதாகவும், பயத்தில் கத்துகிறார் என்று தாங்கள் நினைத்ததாகவும் அவர்களில் ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த செயற்கைக் கால் வீட்டிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் பாடசாலையில் அவரைக் கண்டேன். வகுப்பறை மூலையில், சுவரோடு சாய்ந்து, மடித்த சேலைத் துண்டொன்றால் காலின் மிச்சத்தை மூடியபடி இருந்தார். மலசலகூடம் கட்டடத்துக்குப் பின்னால், சேற்றுக்கு அப்பால் இருந்தது. ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்ததால், வந்ததிலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த வயதான அம்மா சொன்னார். அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “நான் கேட்டது சாமானை இல்லைத் தம்பி.”

வெள்ளம் வடிந்த பிறகு கால் கிடைத்தது. உள்ளே சேறு இறுகியிருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டுப் பார்த்தபோது உள்ளே போகவில்லை. பல நாள் போடாமல் விட்டதில் மிச்சக்கால் வீங்கியிருந்தது. அது வற்றும்வரை அவர் வீட்டுக்குள் தவழ்ந்துதான் திரிந்தார்.

அந்த இரவில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு நானே பல தடவை வாதாடியிருக்கிறேன். இருட்டில், ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில், ஒரு காலைத் தேடிக்கொண்டு நின்றிருந்தால் அடுத்த வீட்டுப் பாட்டியை ஏற்றப் பிந்தியிருக்கும். அது உண்மைதான். ஆனால் தேட வேண்டி வந்திருக்காது என்பதும் உண்மை; அது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, எங்கே இருக்கும் என்று சொல்வதற்குத்தான் அவர் அன்று வாயெடுத்தார். 2015இல் சென்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இடர் தணிப்புச் சட்டகம், மாற்றுத்திறனாளிகள் இடரை மதிப்பிடுவதிலும் திட்டத்தை வகுப்பதிலும் பங்கெடுக்க வேண்டும் என்று சொல்வதைப் பயிற்சிகளில் நானே மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் பட்டியல் எழுதப் போன அன்று அவர் முற்றத்தில் பாயைப் போட்டு என்னை இருத்தியபோது, அவரைத் தூக்கப்பட வேண்டிய ஒருவராக மட்டுமே பார்த்தேன்.

அடுத்த வருடம் படிவத்தில் ‘உடன் எடுக்க வேண்டியவை’ என்று ஐந்தாவது கட்டமொன்றைச் சேர்த்தோம். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன்: செயற்கைக் கால், கட்டிலின் வலப்பக்கம், நீலப் பை. அதோடு தீர்ந்தது என்று நம்பினேன்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது உழவு இயந்திரம் போன நேரத்தில் வீடு பூட்டியிருந்தது. முந்திய நாளே, எவருக்கும் சொல்லாமல், மேட்டுப் பக்கமுள்ள தமக்கை வீட்டுக்கு அவர் போயிருந்தார். அது தெரியாமல் பொடியள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காற்றுக்கும் மழைக்கும் நடுவில் அவரைத் தேடினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒருவர் சொல்லாமல் போவது தேடுகிறவர்களின் உயிரோடு விளையாடுவது என்று இப்போதும் நினைக்கிறேன். அதே வேளை, எச்சரிக்கை வந்ததும் நேரத்தோடு தானாகவே பாதுகாப்பான இடத்துக்குப் போ என்றுதானே வருடக்கணக்காக ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம். அதை அந்தக் கிராமத்தில் ஒழுங்காகச் செய்தவர் அவர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “எழுதினது நீங்கள். தூக்க வாறது வேற ஆக்கள். அவைக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவையைத் தெரியாது” என்றார்.

கிராம இடர் முகாமைத்துவக் குழு பொதுநோக்கு மண்டபத்தில் கூடும். அந்தப் பொடியள் எல்லோரும் அங்குதான் வருவார்கள். அவரை நான் ஒருதரமும் அழைத்ததில்லை. மண்டபத்துப் படிகளையும், வீட்டிலிருந்து அங்குள்ள தூரத்தையும் நினைத்து, பாவம், இந்தக் காலோடு ஏன் அலைக்கழிப்பான் என்று விட்டிருந்தேன். அவர் கிழமைக்கு மூன்று நாள், கரியரில் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சைக்கிளில் போய்வருகிறவர் என்பது அப்போதும் எனக்குத் தெரியும்.