முதலில் லாக், அப்புறம்தான் டியூனிங்

என்னிடம் இருப்பது 2006 மாடல் செவ்ரலே சில்வராடோ 2500 பிக்கப். எஞ்சின் எல்பிஇசட் டியூராமேக்ஸ்: 6.6 லிட்டர் வி8 டீசல், கம்பெனியிலிருந்து வரும்போதே 360 குதிரைத்திறன். புகைக்கரி வடிகட்டி வருவதற்கு முந்தைய கடைசி டியூராமேக்ஸ் என்பதால் அமெரிக்க டீசல் பிரியர்களிடம் இதற்குத் தனி மரியாதை. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் ஒரு ரெடிமேட் டியூனிங் ஃபைலை ஏற்றினாலே பவர் எகிறும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. டெக்சஸிலிருந்து டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு கொலராடோ மலை ஏறுகிறவன் நான். எந்த எண் எதற்காக இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நான் பயன்படுத்துவது நியூசிலாந்துக்காரர்களின் இஎஃப்ஐலைவ் என்ற டியூனிங் மென்பொருள். அதில் ஃபைலைத் திறந்தால் டேபிள் டேபிளாக விரியும். பெட்ரோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்துவோம். டீசலில் கட்டுப்படுத்துவது எரிபொருளை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஈசிஎம் முதலில் முடிவு செய்வது, ஒவ்வொரு முறையும் எத்தனை கன மில்லிமீட்டர் டீசல் தெளிப்பது என்பதைத்தான். அந்த அளவையும் ரெயில் அழுத்தத்தையும் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) வைத்து, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று இன்னொரு டேபிள் சொல்லும். ரெயில் அழுத்தம் 26,000 பிஎஸ்ஐ வரை போகும். எப்போது தெளிக்க ஆரம்பிப்பது என்பதற்கு டைமிங் டேபிள், காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் டர்போவின் இறக்கைகளுக்கு வேறொன்று.

எனக்கு நிறைய நாள் பிடித்தது இந்த இடம்தான். இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் டீசல் கூடும். ஆனால் பிஸ்டன் கீழே இறங்கும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும், அந்தச் சூடு டர்போ பக்கம் போகும். சரி, கொஞ்சம் முன்கூட்டியே தெளிப்போம் என்று டைமிங்கை ஏற்றினால் எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரைப் பார்த்தால் எல்லாம் நலம் போலத் தோன்றும். பிஸ்டன் வாங்கும் அடி டாஷ்போர்டில் உள்ள எந்த கேஜிலும் தெரியாது. அதிக பவரில் பிஸ்டன் விரிசல் விடுவதற்குப் பெயர் போன எஞ்சின் இது. அதனால் நான் மிகவும் பயந்து தொடுவது டைமிங் டேபிளைத்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் இன்ஜெக்டர்களின் பேலன்ஸ் ரேட் பார்க்க வேண்டும்; அதாவது, எஞ்சின் சீராக ஓட ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசிஎம் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று. கியர் பார்க்கில், எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது எந்த சிலிண்டராவது ±4 கன மில்லிமீட்டரைத் தாண்டினால் டியூனிங்கை மூடி வைத்துவிட்டு அதைச் சரி செய்வதுதான் முறை. ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். புது ஃபைலை ஈசிஎம்மில் எழுதும்போது, அதாவது ஃபிளாஷ் செய்யும்போது, இரண்டு பேட்டரிக்கும் சார்ஜர் மாட்டிவிடுவேன். எழுதும் நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசிஎம்மே போய்விடலாம். ஒரு நேரத்தில் ஒரு டேபிள், அப்புறம் லாக்: ஓட்டிப் பார்த்து எஞ்சினின் எண்களைப் பதிவு செய்வது. ஈசிஎம் கேட்ட ரெயில் அழுத்தமும் உண்மையில் கிடைத்த அழுத்தமும் பிரிந்து போகிறதா? காற்று எவ்வளவு வருகிறது? எக்ஸாஸ்ட் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் போய் அங்கேயே நிற்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு டல்லாஸ் சமவெளி பதில் சொல்லாது. கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்துவிடும். கீழே சுத்தமாக எரிந்த அதே டீசல் மேலே கரும்புகையாகவும் சூடாகவும் மாறும். காற்றின் அளவுக்கு மேல் டீசல் போகவிடாத ஸ்மோக் லிமிட் டேபிளைச் சிலர் அப்படியே அகலத் திறந்துவிடுகிறார்கள். நான் அதைத் தொடவே இல்லை.

எக்ஸாஸ்டில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆரையும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டையும் கழற்றவும் இல்லை. பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் காற்றைத்தான் என் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

அடுத்தது அல்லிசன் கியர்பாக்ஸ். எஞ்சின் எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) தருகிறது என்று ஈசிஎம் சொல்வதை நம்பித்தான் அது கிளட்ச் அழுத்தத்தை வைக்கிறது. டீசலைக் கூட்டிவிட்டு டார்க் கணக்கைப் பழையபடி விட்டால் கிளட்ச் வழுக்கும். அந்த டேபிள்களை இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். முடிக்கும் வரை டிரெய்லர் இழுக்க ஒரிஜினல் ஃபைல்தான்.