இரவு பதினொன்றரைக்கு ஆங்கில வகுப்பு

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு ரியூட்டரியில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் இருந்து நடக்கும் ஒரு நிறுவனம், பெரியவர்களுக்கு ஒன்லைனில் பகுதிநேரமாக ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேடுகிறது என்று அறிந்து விண்ணப்பித்தேன். ஆங்கிலம் படிப்பிக்கத் தகுதி காட்டும் 120 மணித்தியால டெஃபல் சான்றிதழ் கேட்டார்கள், அதை வீட்டில் இருந்தே முடித்தேன். பிறகு 20 நிமிட மாதிரி வகுப்பு. அதில் முக்கால்வாசி நேரம் நானே கதைத்தேன், எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேட்டேன், இந்த முறை கேள்வியைக் கேட்டுவிட்டு, படிக்க வந்தவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருந்தேன். வேலை கிடைத்தது.

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் பிரிட்டனில் இருக்கும் கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்கள். விசாவுக்கு அவர்களுக்கு ஏ1 என்ற ஆரம்ப மட்டத்தில் பேசவும் கேட்டு விளங்கவும் தெரிந்தால் போதும். ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் சோதனையில் இரண்டு பேரைச் சேர்த்து இருத்தி 16 - 18 நிமிடம் கதைக்க வைப்பார்கள், எழுத்தும் இல்லை, கிராமர் கேள்வியும் இல்லை. ஆனால் எல்லோரும் கிராமர் கொப்பியோடுதான் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிழைக்காக எழுப்பி நிறுத்தி வைத்ததை இருபது வருடம் கழித்தும் மறக்காத அக்கா ஒருவர், வீட்டில் மாமியாருக்குக் கேட்டுவிடும் என்று போனைக் கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். அவருக்கு இலக்கணமா குறை? தன் குரல் பிறருக்குக் கேட்பதுதான் பயம்.

அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டு, என் கமராவையும் மைக்கையும் நிறுத்திவிடுவேன். இன்று என்ன சமைத்தீர்கள், யார் யார் வீட்டில் என்று அவர்களே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் மூன்று பிழை மட்டும் சொல்வேன், அதற்கு மேல் சொன்னால் அடுத்த நாள் ஆள் வராது. உச்சரிப்புக்கும் எங்கள் தமிழே கை கொடுத்தது. நாங்கள் ‘காற்று’ என்று சொல்லும்போது நாக்கு படுகிற இடம்தான் ஆங்கில ‘T’ எழுத்துக்கும் கிட்டத்தட்டச் சரியான இடம். அதைச் சொன்னதும் அந்த அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

லண்டனில் ஏற்கனவே இருப்பவர்கள் விசா நீடிக்க அடுத்த மட்டமான ஏ2 படிக்கிறார்கள். அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் எனக்கு இரவு 11.30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள் என்பதைக் கவனிக்காமல் வழமைபோல 11.30க்கே வகுப்புக்குள் போனேன், அங்கே அப்போது ஏழு மணி. வேலை முடிந்து களைத்து வந்த ஆட்கள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்றும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், வகுப்புக்குத் தயார்செய்யும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று சேர முன்னமே கேளுங்கள், எனக்கு இல்லை. மாரியில் கரண்ட் போகும், ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

கிணற்றடி அக்கா கொழும்பில் சோதனைக்குப் போன அன்று வெள்ளவத்தையில் இருந்து குரல் பதிவு அனுப்பினார். “மிஸ், பக்கத்தில் இருந்த பிள்ளை பயத்தில் கதைக்கவே இல்லை. நான்தான் முதலில் கேட்டேன், வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று. அப்புறம் அவவும் கதைத்தா.”