கன்றுக்குள்ளேயே உரத்தை ஏற்றி அனுப்புங்கள்

கடலூர் கேப்பர் மலைச் செம்மண்ணில் ஒரு பாட்டம் மழை பெய்தால் போதும், முந்தின நாள் போட்ட யூரியா தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். தாழங்குடா பக்கத்துக் கடற்கரை மணலில் கேட்கவே வேண்டாம். நம் பக்கம் சவுக்கு நடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான். நட்ட கையோடு யூரியா வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நாற்றங்காலில் கன்று வளர்ந்த தென்னை நார்க்கழிவுக் கட்டியை விட்டு வேர் இன்னும் வெளியே வந்திருக்காது, அதற்குள் காசு கரைந்துவிடும்.

கடலூருக்குத் தெற்கே நாற்றங்கால் வைத்திருக்கிறேன், முக்கால்வாசி சவுக்குதான். நட்ட முதல் சில வாரம் கன்று மண்ணை நம்பிப் பிழைப்பதில்லை. தன் உடம்பில் இருப்பதை எடுத்துத்தான் துளிர் விடுகிறது. அதனால்தான் நாற்றங்காலில் கொடுக்கும் உரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குளிர்நாட்டு ஊசியிலை மர ஆராய்ச்சிக்காரர்கள். செடி வளர்கிற வேகத்துக்கு ஈடாக உரமும் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று ஸ்வீடனில் தோர்ஸ்டன் இங்கெஸ்டாட் காட்டினார். வாரா வாரம் ஒரே அளவு ஊற்றினால், முளைத்த குஞ்சுக்கு அது அதிகம். உப்பாகத் தங்கி வேர் நுனியைக் கருக்கும். செடி பெரிதான பிறகு அதே அளவு யானைப் பசிக்குச் சோளப்பொரி. வாரத்துக்கு 20 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: நாலு வாரத்தில் அளவு இரண்டு மடங்கு, எட்டு வாரத்தில் நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல். மொத்த உரத்தைக் கூட்ட வேண்டாம், பங்கிடுவதை மாற்றினால் போதும்.

கனடாவில் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் விக் டிம்மர் இதைக் கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மர நாற்றுகளில் இன்னும் தள்ளிக்கொண்டு போனார். வளர்ச்சிக்குத் தேவையானது கிடைத்த பிறகும் கொஞ்சம் கூட்டினால் உயரம் ஏறாது. தழைச்சத்து, அதாவது யூரியாவில் இருக்கிற நைட்ரஜன், மட்டும் உள்ளே சேரும். அதையும் தாண்டினால் நஞ்சு. அந்த இடைவெளிக்குள் சத்து ஏற்றிய கன்றுகளைக் களை மண்டிய காட்டில் நட்டார்கள். பழைய ஊசியிலையில் சேர்த்ததைப் புதுக் கொழுந்துக்கு அனுப்பி அவை முந்திக்கொண்டன. யோசித்தால் நியாயம்தான். வயலில் போடும் உரத்தைக் களையும் தின்னும், கன்றுக்குள் இருப்பதில் களை கை வைக்க முடியாது.

ஆனால் இதைச் சவுக்குக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. சவுக்கு ஊசியிலை மரம் மாதிரித் தெரிந்தாலும் பூக்கிற மர வகை. ஊசி என்று நாம் சொல்வது பச்சைச் சிறு கிளை. கணுவைச் சுற்றிப் பொடிப் பல்லாக நிற்பவைதான் இலை. அதன் வேரில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சு கட்டி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. யூரியா தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு கட்டுவது குறைந்துபோகும். முடிச்சில்லாமல் மணலுக்குப் போகிற சவுக்குக் கன்று பாவம். அதனால் தழைச்சத்தில் கையை இறுக்கிக்கொண்டு மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கொஞ்சம் தளர்த்துகிறேன், முடிச்சுக்கு மணிச்சத்து வேண்டும். பழைய சவுக்குத் தோப்பில் முடிச்சுகளைப் பறித்து, கழுவி அரைத்து, தண்ணீரில் கரைத்து நாற்று ட்ரேயில் ஊற்றுகிறோம்.

ஆஸ்மோகோட் மாதிரி, மேலே பூச்சு பூசி மெதுவாகக் கசிய விடுகிற உரம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதம் வரும் என்று பையில் போட்டிருக்கும் கணக்கு 21 டிகிரி சூட்டுக்கு. நம் சித்திரை வெயிலில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

போன பருவத்தில் குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "என்னம்மா, பாகூர் பக்கம் இடுப்பு உசரத்துக்குக் கன்னு தர்றாங்க, உன்னது முழங்காலைத் தாண்டலையே?"

"ஒண்ண உருவிக் காட்டுறேன், பாருங்க ஐயா."

கன்று வளர்ந்த கப்பை அடியில் அழுத்தி ஒன்றை எடுத்தேன். நார்க்கழிவு உதிராமல் முழுசாக வந்தது. வரிவரியாக நேரே கீழே இறங்கிய வேர்கள், நுனி எல்லாம் வெள்ளை. மேல் பாதியில் கடுகளவில் பழுப்பு முடிச்சுகள் கொத்தாக இருந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது அவர் தோப்பும் சாய்ந்ததாம். "வேரு இருந்தாத்தாம்மா மரம்" என்று சொல்லிவிட்டு ஏக்கருக்கு நாலாயிரம் கணக்கில் கேட்டார். மீட்டருக்கு மீட்டர் நட அதுதான் ஆகும்.

ஏற்றும்போது அவரிடம் சொன்னேன்: "முதல் மாசம் உர மூட்டையத் தொடாதீங்க ஐயா, களைய மட்டும் விடாம எடுங்க. துளிர் விட்டு, வேர் பக்கத்து மண்ணப் புடிச்ச பொறகு, மழை ஓஞ்ச நாளாப் பாத்து, கன்னுக்கு ஒரு சாண் தள்ளிக் குழி பறிச்சு மணிச்சத்து மட்டும் வச்சு மூடுங்க."