ஐஎச்சி இன்னும் வரல

மார்ச் 3
அக்காவோட மார்புக் கட்டிக்கு மறுபடி ஊசி. போன தடவை எஃப்என்ஏசி, மெல்லிசு ஊசி, செல்லு மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு "சந்தேகத்துக்குரியது"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சந்தேகம் எங்களுக்கே இருந்துச்சு, அதுக்கு ஊசி எதுக்கு. இன்னைக்கு கோர் பயாப்ஸி, தடி ஊசியால சதையவே எடுக்குறது. டக்குனு ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி சத்தம். ஃபார்மலின் டப்பால வெள்ளையா நூல் நூலா சதை. அக்கா திரும்பிக்கிட்டா, நான் பாத்தேன்.

மார்ச் 4
அக்கா தூங்குறா.

மார்ச் 7
ரிப்போர்ட் வந்துச்சு, முடிவு வரல. ஐஎச்சி பாக்கணுமாம், அதாவது ஆன்டிபாடி போட்டு எந்த செல்லுன்னு நிறத்துல காட்டுற டெஸ்ட். பெத்தாலஜி மேடத்துக்கிட்டயே போய் நின்னேன், பாவம் பொறுமையா சொன்னாங்க. பால் குழாயச் சுத்தி மயோஎபிதீலியல் செல்லுன்னு ஒரு வரிசை உண்டாம், கட்டி குழாய்க்குள்ளயே இருக்குற வரைக்கும் அந்த வரிசை பொதுவா இருக்கும், வெளிய பரவுன இடத்துல இருக்காது. சாதா ஸ்டெய்ன்ல சிலப்போ அது பிடிபடாதாம், அதான் பி63 ஆன்டிபாடி போடுறாங்க, அந்த செல்லோட நியூக்ளியஸ்ல போய் ஒட்டிக்கிட்டு ப்ரவுன் புள்ளியா காட்டும். ஒண்ண மட்டும் நம்பாம கூடவே அதே செல்லக் காட்டுற ஸ்மூத் மசில் மயோசின் ஸ்டெய்னும் போடுவாங்களாம்.

மார்ச் 8
ப்ரவுன் புள்ளி இருக்கணும்.

மார்ச் 9
ஊசி குத்துனா பரவிடும்னு அத்தை போன்ல. குத்தாம எப்படித் தெரியும் அத்தைன்னு கேட்டேன், கோச்சுக்கிட்டாங்க. இருக்கட்டும்.
ராத்திரி வேற கவலை. சாம்பிள் ஃபார்மலின்ல 6 மணி நேரத்துக்குக் குறையாம, 72 மணி நேரத்துக்கு மேல போகாம இருக்கணுமாம், இல்லன்னா எந்த மருந்து கேக்கும்னு சொல்ற ஈஆர் (ஹார்மோன் ஏற்பி), ஹெர்2 (செல்ல வளரத் தூண்டுற புரதம்) ரிசல்ட்ட நம்ப முடியாதாம். அந்த டப்பாவ எப்போ லேப்ல வெளிய எடுத்தாங்க? யார்கிட்ட கேக்குறது?

மார்ச் 11
ஓரமா ரெண்டு குழாயச் சுத்தி புள்ளி இருக்கு. நடுவுல இல்ல. பி63 இல்ல, மயோசினும் இல்ல.
அக்கா "சரி"ன்னா. அவ்ளோதான்.

மார்ச் 12
ஈஆர் பாசிட்டிவ், நல்லா ஸ்ட்ராங்கா. ஹார்மோன் மாத்திரை கேக்கும்னு டாக்டர் முகத்துல கொஞ்சம் தெளிவு. ஹெர்2 மட்டும் 2+. பூஜ்யம், 1+னா நெகட்டிவ், 3+னா பாசிட்டிவ், நமக்குன்னு வந்து நடுவுல நிக்குது. இனிமே ஃபிஷ் டெஸ்ட், ஜீன எண்ணிப் பாக்கணும், அதுவும் அதே நூல்லருந்து, மறுபடி ஊசி வேணாமாம். டப்பா நேரத்தக் கேட்டேன், ஃபாரத்துல குறிச்சிருக்கும்னாங்க. காட்டுங்கன்னு கேக்க வாய் வரல.

மார்ச் 15
அக்கா இன்னைக்கு சிரிச்சா, எதுக்குன்னு தெரியல. எனக்குத்தான் கோவம் கோவமா வருது.

மார்ச் 17
லேப்லருந்து மிஸ்டு கால். திருப்பி அடிச்சா பிஸி.