நின்றுகொண்டே பட்டுப்போன மரங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நான் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் நிர்வாக அலுவலராக இருந்தேன். விடிந்து பார்த்தால், அதுவரை தோப்பு மறைத்திருந்த அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் வெட்டவெளியில் தெரிந்தது.

தென்னை ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். இரண்டு தலைமுறைக்குக் காய்க்கும் மரத்துக்கு 1,100 ரூபாய் எந்த மூலைக்கு என்று கேட்காதவர் இல்லை. தொகையில் எனக்குப் பங்கில்லை. மரத்தை எண்ணுவதுதான் என் வேலை.

எண்ணுவது எளிது என்றுதான் நானும் நினைத்தேன். வேளாண்மை உதவி அலுவலரும் நானும் புல எண் வாரியாக இறங்கியபோது, ஒருவர் வரப்பைத் தாண்டி இன்னொருவர் நிலத்தில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. தலை எங்கே கிடந்தாலும் வேர் இருக்கும் புலத்துக்கே மரம் சேரும் என்று முடிவு செய்துகொண்டு, எண்ணிய மரத்தின் அடியில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே போனோம். மின்சாரமும் கைப்பேசியும் இல்லாத அந்த நாட்களில் எல்லாமே காகிதம்தான்.

சிக்கல் விழாத மரங்களில் இருந்தது. காற்று முறுக்கிய வேகத்தில் குருத்து திருகிப்போன மரங்கள் பச்சை மட்டைகளோடு நின்றன. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது போனால், மட்டைகள் சில மாதம் பச்சையாக இருந்தாலும் மரம் போனதுதான். எங்கள் படிவத்திலோ வேரோடு சாய்ந்தவை, முறிந்தவை என இரண்டே பத்திகள். ஒரு தோப்பில் மூதாட்டி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்:

"விழுந்தது விழுந்துடுச்சு தம்பி. இது நின்னுக்கிட்டே செத்துக்கிட்டு இருக்கே, இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

குறிப்புப் பத்தியில் 'குருத்து சேதம் - 9' என்று எழுதினேன். அந்தப் பத்தியை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பணம் வங்கிக் கணக்குகளுக்கு வரத் தொடங்கியதும் வேறு தொல்லைகள் முளைத்தன. இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே பட்டா, கூட்டுப் பட்டாவில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள், வாய்வார்த்தைக் குத்தகையில் சாகுபடி செய்தவருக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாத நிலை. ஒருவருடைய தொகை திரும்பிப் போனதற்கு நானே காரணம்: வங்கிக் கிளைக் குறியீட்டின் ஐந்தாவது இடத்தில் எப்போதும் வரும் பூஜ்யத்தை, ஆங்கில எழுத்து 'ஓ' என்று பதிந்துவிட்டேன். அதைத் திருத்த மூன்று வாரம் ஆயிற்று. அவர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

குருத்துப் போன மரங்களுக்காகத் துணைப் பட்டியல் ஒன்று தயாரித்து அனுப்பினேன். கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பட்டியலுக்கு ஒரு கடைசித் தேதி இருந்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தென்னைக்கென்றே வகுத்த நிவாரணத்தில், தென்னை எப்படிச் சாகும் என்று கேட்க ஒரு பத்திகூட இல்லாமல் போனதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த ஆடியில் வேறு வேலையாக அந்தத் தோப்புப் பக்கம் போனேன். பட்ட மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன மூதாட்டி, அடிக்கட்டைகளைக் காட்டி, "எண்ணிட்டுத்தான் போங்களேன்" என்றார். எண்ணினேன். பதினான்கு இருந்தன.