உறையூர் தையல்கடை: ஷூட், எடிட் குறிப்புகள்

ஜூன் 3

பெரிய உடம்புக்காரரான தையல்கடை அக்காவைப் பற்றி ஒரு டிவி சேனலுக்கு எடுக்கும் ஆவணப்படம். அவர் கடையில் முதல் நாள் ஷூட். பேட்டிக்கு உட்காரும் நாற்காலியை மட்டும் நாங்களே கொண்டுபோனோம்: கைப்பிடி இல்லாத, அகலமான மர நாற்காலி. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உடம்பை இடுக்கிக்கொண்டு யாரால் மனம்விட்டுப் பேச முடியும்? வலி முகத்தில் தெரியும். பார்க்கிறவர்கள் அதை வாழ்க்கை சோகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அக்கா நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "தேக்கா? என்ன விலை?" என்று மட்டும் கேட்டார்.

மைக் டிரான்ஸ்மிட்டரின் இடுப்புப் பட்டை எட்டவில்லை. சவுண்ட் பார்க்கும் பையன் நெளிந்தான். அக்கா பட்டையை வாங்கி, ஒரு துண்டு எலாஸ்டிக் ஒட்டுப்போட்டு, மெஷினில் சரசரவென ஓட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை.

ஜூன் 4

கடை ரொம்பச் சின்னது. வைட் லென்ஸ் போட்டால் நமக்கு வேலை சுலபம், ஆனால் கிட்டே வைத்தால் முன்னால் இருப்பதெல்லாம் ஊதித் தெரியும். மெஷினில் குனிந்திருப்பவரைக் கீழிருந்து எடுத்தால் வயிறும் தாடையும்தான் ஃப்ரேம். 50 எம்எம் போட்டு, அவர் கண் மட்டத்தில் கேமராவை வைத்து, தெருவில் நின்று வாசல் வழியாக எடுத்தோம். பைக்கில் போகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மதியம் ஒரு பெண் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். அக்காவைப் போலவே பெரிய உடம்பு. பல கடைகளில் டேப்பைப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஆளுக்குக் கேட்கிற மாதிரி "நாப்பத்தாறு!" என்று கத்துவார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. கைக்குழி, மார்பு, இடுப்பு என்று வரிசையாக நோட்டில் எழுதிப் பக்கத்தை மடித்தார். அப்புறம், "கழுத்து எவ்ளோ இறக்கம் வேணும்? பயப்படாம சொல்லு" என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்புதான் இதுவரை எடுத்ததிலேயே சிறந்த ஷாட். கேமராமேன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார், அது அபூர்வம்.

ஜூன் 9

சேனலிலிருந்து போன். மூச்சு வாங்கும் ஷாட் இருக்கிறதா, சாப்பிடுவது இருக்கிறதா, இல்லாவிட்டால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நாலு வயிறு எடுத்துச் சொருகிவிடலாமா, "முகம் வேண்டாம் மேடம், பிரைவசி". முகம் இல்லாவிட்டாலும் புடவை இருக்கும், வாட்ச் இருக்கும். வீட்டில் டிவி பார்க்கிற நாத்தனாருக்கு அது போதும்.

தலையை வெட்டி வயிற்றைக் காட்டும் இந்தப் பழக்கத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் சார்லட் கூப்பர் 2007லேயே 'தலையில்லாத குண்டு மனிதர்கள்' என்று பெயர் வைத்துக் கிழித்திருக்கிறார். 2013இல் ஆய்வாளர் ரெபெக்கா பூல் குழுவினர் அமெரிக்கச் செய்தித் தளங்களின் வீடியோக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் வந்த பருத்த உடல்காரர்களில், பெரியவர்கள் 65 சதவீதம் பேரையும் சிறார்கள் 77 சதவீதம் பேரையும் இழிவாகவே காட்டியிருந்தார்கள். சேனல்காரரிடம் சொன்னேன். "நீங்க ரொம்பப் படிக்கிறீங்க" என்றார்.

ஜூன் 10

ஜீனி ஃபின்லேயின் 'யுவர் ஃபேட் ஃபிரெண்ட்' (2023) ஆவணப்படத்தை மறுபடியும் பார்த்தேன். குண்டு உடம்போடு வாழ்வதைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்த அமெரிக்க எழுத்தாளர் ஆப்ரி கார்டன் சொந்தப் பெயரில் வெளியே வந்து புத்தகம் போடும் வரை, ஆறு வருடம் கூடவே இருந்து எடுத்த படம். அந்த ஆறு வருடத்தில் எடை குறைப்புக் கதை எதுவும் கிடையாது, தராசு முள் எங்கே நிற்கிறது என்று நம்மைக் காக்க வைக்கவே இல்லை. அப்பா, அம்மாவோடு பேசும் இடங்கள்தான் எனக்குப் படமே. பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கும் வீட்டிலேயே எப்படி வலிக்கும் என்பது அங்கே தெரிகிறது. நமக்கு ஆறு வருடம் யார் பணம் தருவார்கள், அது வேறு விஷயம்.

ஜூன் 14

இசையமைக்கும் தம்பி அனுப்பிய முதல் ட்ராக்கில், அக்கா நடந்து வரும்போது பெரிய ஊதுகுழல் 'பொம் பொம்' என்கிறது. அவனைக் குறை சொல்ல முடியாது. காமெடி நடிகர்கள் பிந்து கோஷ், குண்டு கல்யாணம் காலத்திலிருந்து நம் காதில் ஊறிய சத்தம். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மாடிப்படி விஷயம்தான் இழுக்கிறது. அக்காவின் வீடு மேலே, முட்டிவலி நிஜம். அதை மறைத்தால் அதுவும் பொய். டாக்டர் முட்டியைத் தொட்டே பார்க்காமல் "முதல்ல வெயிட்டக் குறைங்க" என்று அனுப்பிவிட்டதை அவரே பேட்டியில் சொல்கிறார். அதனால் படி ஏறுவதை அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏறுகிறார், நடுவில் நின்று கீழே இருக்கும் உதவிப் பெண்ணை "காஜா எடுத்தியாடி?" என்று அதட்டுகிறார், மறுபடி ஏறுகிறார். கோபக்காரர்தான், அதுவும் இருக்கட்டும். பாவமாகக் காட்டினாலும் தெய்வமாகக் காட்டினாலும் ஆள் காணாமல் போய்விடுவார்.

ஜூன் 20

சேனலுக்கு முன்பே அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்படித்தான் பேச்சு. படியில் ஏறும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஓரிடத்தில் தைத்த ஓரம் கோணலாக விழுந்திருப்பது தெரிகிறதாம், "அத வெட்டிடு, யாவாரம் போயிரும்". வெட்டிவிட்டேன்.

அளவெடுக்கும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அவ சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கா, சரி. ஆனா இது அவ முகூர்த்த ரவிக்கை. மாப்பிள்ளை வீட்டுல பார்ப்பாங்கல்ல?" கைகளையும் டேப்பையும் மட்டும் வைக்கலாம் என்றார் எடிட்டர். அப்போதும் தலையை வெட்டியதாகத்தானே ஆகும்? அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றாள். காட்சியை டைம்லைனில் அணைத்து வைத்திருக்கிறேன். அவள் வேண்டாம் என்றால் படம் இரண்டு நிமிடம் குறையும். சேனலுக்குத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.