இழுப்பறைக்குள் போன வெள்ளை

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் சித்திர ஆசிரியரின் மேசை இழுப்பறைதான். ஏழாம் வகுப்பில், முதல் நீர்வர்ணப் பாடத்தன்று, எல்லோருடைய வர்ணப் பெட்டியிலிருந்தும் வெள்ளை வில்லையை மட்டும் கிளப்பி எடுத்து அதற்குள் போட்டுப் பூட்டிவிட்டார். புதுப்பெட்டியோடு வந்திருந்த எங்களுக்கு அழுகை வராத குறை. "வெள்ளை உங்கட காகிதத்திலேயே இருக்கு. அதைக் காப்பாற்றப் பழகுங்கோ," என்றார்.

எண்ணெய் வர்ணத்தில் இருட்டின் மேல் வெளிச்சத்தைப் பூசலாம். நீர்வர்ணம் அப்படியல்ல. நிறத்தூளை அரபுப் பிசினோடு குழைத்துச் செய்த வர்ணத்தை நீர் விட்டுக் கரைத்துப் பூசுகிறோம். வெளிச்சம் அந்த மெல்லிய படலத்துக்குள் புகுந்து, காகிதத்தில் பட்டுத் திரும்பி வருவதால்தான் படம் ஒளிர்கிறது. ஆகவே எந்த இடம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

அன்று இது எனக்கு விளங்கவில்லை. கண்ணாடிக் குவளை ஒன்றை வரையச் சொன்னார். முழுக்க நீலம் பூசினேன், கண்ணாடி வரவில்லை. இரண்டாம் முறை, விளிம்பில் எள்ளளவு இடத்தைத் தொடாமல் சுற்றிவர வர்ணம் விட்டேன். அந்தப் புள்ளி பளிச்சென்று எழுந்தது, குவளையும் கண்ணாடியாகிவிட்டது. நான் ஓவியனானது அந்தப் புள்ளியில்தான்.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் ஜெர்மன் ஓவியர் டியூரரின் முயல் படத்தைக் கண்டேன். 1502இல் வரைந்தது. அதன் கண்ணுக்குள் ஒரு ஜன்னல் தெரியும். மயிர்களின் நுனியில் வெள்ளை வர்ணம் இருப்பதைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"சேர், இவர் வெள்ளை பாவித்திருக்கிறாரே?"

"ஓம், பாவித்திருக்கிறார். நீ முதலில் காகிதத்தை நம்பு. அப்புறம் வந்து கேள்."

அவரிடம் கற்றதில் பெரியது காத்திருத்தல். ஈரக் காகிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் அதன் மினுக்கத்தைப் பார்க்கச் சொல்வார். மினுக்கம் போனால் காய்ந்துவிட்டது என்று நாங்கள் நினைப்போம். அவர் விரலின் பின்புறத்தை மெல்ல வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நேரம் நீர் கூடிய தூரிகை பட்டால் போதும், புதுநீர் பழைய நிறத்தை வெளியே தள்ளி, கோவாப்பூ விளிம்பு போல ஒரு கறையை விட்டுவிடும். கண்காட்சிக்கென்று மூன்று நாள் வரைந்த வானத்தை நான் அப்படித்தான் இழந்தேன். அவர் ஏசவில்லை. புதுத் தாளொன்றை நீட்டினார்.

இன்றும் என் வேலை அதே வழியில்தான் போகிறது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம், மூன்று நான்கு நிறங்கள், அவ்வளவுதான். அல்ட்ராமரின் நீலத்தையும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல் நிறத்துக்கு நான் அடிமை. கடையில் வாங்கும் கறுப்பில் அந்த உயிர் இல்லை. காயும்போது அல்ட்ராமரினின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் போய்த் தங்கும்; மழை வானத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால், பூசும்போது கொஞ்சம் கடுமையாகத்தான் பூசுவேன்.

எனக்கு எப்போதும் ஈரமான பொருள்கள்தான் பிடிக்கும்: மழை நின்ற தரை, நீர் வழியும் ஜன்னல், கழுவிக் கவிழ்த்த பாத்திரம். எங்கே வெளிச்சம் ஒரு கணம் தங்குகிறதோ அங்கே நான் நின்றுவிடுவேன். முதலில் பென்சிலால் தீப்பெட்டி அளவில் இருட்டையும் வெளிச்சத்தையும் குறித்துக்கொள்வேன். பெரிய தாளில் வர்ணம் விட அரை மணி நேரம் போதும். எங்கே விடக் கூடாது என்று யோசிக்கச் சில வேளை ஒரு கிழமை பிடிக்கும். ஆங்கில ஓவியர் டர்னர் போன்றவர்கள் காய்ந்த வர்ணத்தைக் கத்தியால் சுரண்டிக் காகித வெள்ளையை மீட்டிருக்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். ஆனால் முதலிலேயே விட்டுவைத்த வெள்ளைக்கு இருக்கும் அமைதி அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளியை விட்டு வரும் நாளில் சேர் இழுப்பறையைத் திறந்து என் வில்லையைத் தந்தார். "இனி உன்ர விருப்பம்," என்றார். அது வெடித்துக் காய்ந்து, இன்றும் என் பெட்டியில் அதே குழியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இரண்டு முறை நனைத்திருக்கிறேன். இரண்டு முறையும் பூனை மீசைக்கு.